மரத்துக்குப் போலாமா?

தம்பி சரவணா,

ஒரு பாட்டு முடிவதற்குள் காரில் வந்து சேர்ந்துவிடுகிற தூரத்தில் இருக்கும் மகனுக்கு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நேரில் சொல்ல முடியவில்லை, அதனால்தான். பிரசவப் பேச்சை எடுத்தாலே நம் வீட்டு ஆம்பிளைகளுக்குக் காலில் சக்கரம் முளைத்துவிடுகிறது. உன் அப்பா சிகரெட்டைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போவார். உன் சித்தப்பா, கழுவி வைத்த காரையே மறுபடியும் துடைக்கப் போவார். நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு போவாய். எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். இத்தனை வருடமாக இந்தக் கதையை நான் பாதி வரைக்கும்தான் சொல்லியிருக்கிறேன். மீதிக் கதையைக் கேட்க நாற்காலிகள் மட்டும்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாய். காகிதத்தில் எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து படி. உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுந்து போகிற ஆம்பிளைகள் எல்லாரும் படிக்கட்டும். உன் அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பவித்ரா உன்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். கிளினிக்கில் பார்த்தபோது ப்ரெஷர் ஏறியிருக்கிறது, காலிலும் வீக்கம் இருக்கிறது. பிரசவ வலி எடுத்ததும் முதுகில் ஊசி போட்டுக்கொண்டால் வலியும் தெரியாது, ப்ரெஷரும் கட்டுக்குள் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். யோசிக்க அவளுக்கு ஒன்றுமில்லை. உன் வாயிலிருந்து ஒரு ‘சரி’ வரவேண்டும், அவ்வளவுதான். உன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள் அந்தப் பெண். நீ கோழிக்காலைக் கடித்துக்கொண்டே சிரித்தாய்.

“எங்கம்மா என்னைப் பெத்தப்போ ஒரு சத்தம் போடல, தெரியுமா? ஊசியெல்லாம் வேணாம் லா. நீயும் தாங்கிக்குவ.”

நான் வாயைத் திறந்தேன். உன் போன் அடித்தது. போய்விட்டாய். பவித்ரா அதற்குப் பிறகு தட்டில் இருந்த சோற்றை ஓரத்துக்கும் நடுவுக்குமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கிளம்பும் நேரத்தில் உன் அக்கா மகள் நிலா இரண்டு சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம்தான் வந்தாள். பவித்ரா அந்த வயிற்றோடு வாசல் படியில் உட்கார்ந்து, தாடையை நெஞ்சில் சாய்த்து, முதுகை அழகாக வளைத்துச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டாள். தாடிகாவில் தினமும் ஒரு வகுப்புப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டுப் பழகிய டீச்சர் அல்லவா. நீ அப்போதும் கேட்டுக்கு வெளியே போனில்தான் இருந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரசப் பானையை உன் தலையில் கவிழ்த்திருப்பேன். பிள்ளைத்தாய்ச்சி முன்னால் வேண்டாம் என்று விட்டேன்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெற்றபோது நான் முதுகில் ஊசி போட்டுக்கொண்டேன். சத்தம் போடவில்லை என்பது உண்மைதான்; வலித்தால்தானே சத்தம் போடுவதற்கு? உன் அக்காவைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பெற்றபோது நான் போட்ட கூச்சலில் லயத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் கூரையில் ஏறிக்கொண்டன. அதை வைத்தே உன் அத்தை, அதுதான் உன் அப்பாவின் அக்கா, என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வார். உன் பிரசவத்தின்போது ஈப்போ ஆஸ்பத்திரியில் வெளியே பெஞ்சில் காத்திருந்தவரும் அவர்தான். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. பிறகு உன்னைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவ்வளவு போதும் அவருக்கு. பொட்டப்பிள்ளைக்குக் கத்தினவள் ஆம்பிளைப் பிள்ளைக்கு வாயே திறக்கவில்லை, பிறக்கும்போதே சிங்கம் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஊசி போட்டார்கள் என்று நானும் சொல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் ஊசி போடத்தான் செய்வார்கள் என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். உன் காதுகுத்தில் அந்தக் கதை ஓடியது, உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்தே சொன்னார். இப்போது அந்தக் கதை பவித்ராவின் பிரசவக் கட்டில் வரைக்கும் வந்து நிற்கிறது. இனிமேலும் அதை நடமாட விட முடியாது.

அந்த ஊசியைப் போட்டவர் டாக்டர் அஞ்சலை. இந்தப் பெயரை நீ இப்போதுதான் கேள்விப்படுகிறாய், பார். உன் நட்சத்திரம் தெரியும், ராசி தெரியும், உன்னையும் என்னையும் காப்பாற்றியவர் பெயர் தெரியாது. குள்ளமான ஆள். வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பார். எந்த நேரமும் கையில் ஒரு பிளாஸ்க் இருக்கும். பெயரே அஞ்சலைதான், பிறகு எதற்கு அஞ்சுவார் என்று வார்டில் தமிழ் நர்ஸ் மிஸ்ஸிகள் சொல்லிச் சிரிப்பார்கள். காசுள்ளவர்கள் மட்டும் கோலாலம்பூரில் போய்ப் போட்டுக்கொண்டிருந்த ஊசியை, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவளுக்கும் மீன் கழுவுகிறவளுக்கும் போட்டே தீருவேன் என்று எங்கள் பக்கத்தில் முதலில் நின்றவர் அவர்தான். இது எல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று எனக்கு அவர் யாரோ ஒரு டாக்டர்.

நீ வயிற்றில் இருந்தபோது நாங்கள் சிலிம் ரிவர் ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். கால் இரண்டும் வீங்கி, ரப்பர் சப்பாத்துக்குள் நுழையவில்லை. நான் வெறுங்காலோடு மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். காலைப் பெரட்டில் பெயர் வாசிக்கும்போது வரவில்லை என்றால் கணக்கெழுதுகிற கிராணி முகத்தைத் திருப்பிக்கொள்வார், மறுநாள் மோசமான மர நிரையைக் கொடுப்பார். அதனால் வயிறு மரத்தில் இடிக்கிற வரைக்கும் போனேன். கடைசியில் தலைவலி தாங்காமல் கிளினிக் போனபோது ப்ரெஷரைப் பார்த்த மிஸ்ஸி நேராக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஈப்போ வந்து சேர்வதற்குள் வலி எடுத்துவிட்டது. ஒவ்வொரு வலிக்கும் ப்ரெஷர் ஏறியது. மலாயில் வலிப்புக்கு ‘சாவான்’ என்பார்கள், உனக்கே தெரியும். மிஸ்ஸிகள் என் தலைமாட்டில் நின்றுகொண்டு சாவான், சாவான் என்று பேசிக்கொண்டார்கள். அர்த்தம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் வயிற்றில் பிள்ளையோடு படுத்திருக்கிற தமிழச்சி காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று யோசித்துப் பார். உன்னைச் சொன்ன மாதிரி இருந்தது, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன்.

அப்போதுதான் டாக்டர் அஞ்சலை வந்தார். என் ரத்தத்தைப் பரிசோதித்த முடிவு வந்ததும், அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“முதுகுல ஒரே ஒரு ஊசிதான். கொஞ்ச நேரத்துல மரத்துப் போயிரும்மா.”

என் காதில் விழுந்தது வேறு. மரத்துக்குப் போயிரும்மா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அடிவயிற்றை யாரோ பிழிந்துகொண்டிருக்கிறார்கள், இந்தப் பெண்மணி என்னவென்றால் ஊசியைப் போட்டுக்கொண்டு மரம் வெட்டக் கிளம்பு என்கிறார். அதுவும் தமிழ்க்காரர். கிராணிதான் தோட்டத்திலிருந்து போன் போட்டுச் சொல்லிவிட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். சிரிக்காதே. பெரட்டுக்குப் பயந்து பயந்து வாழ்ந்தவளுக்கு அப்படித்தான் கேட்கும்.

“வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு மரத்துக்குப் போவச் சொல்றீங்களே, நீங்கல்லாம் ஒரு பொம்பளையா?”

வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரைப் பார்த்து அப்படிப் பேசின தோட்டக்காட்டுப் பெண்ணை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. அவர் என்னையே ஒரு கணம் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தம்பி. என்னைக் கேலி செய்த சிரிப்பு இல்லை அது. தேடிக்கொண்டிருந்த பொருள் கையில் தட்டுப்பட்டவர் சிரிக்கிற சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார், காலுக்கு ஒரு முக்காலி போட்டார்.

“சரி, மரத்துக்கே போலாம். அடியில வெட்டுற மரத்துக்கு எப்படிக் குனிவ? அப்படிக் குனி.”

அதற்கு முன்னால் ஒரு மிஸ்ஸி என்னை வளையச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார். முதுகை வில் மாதிரி வை, வயிற்றை உள்ளே இழு என்று என்னென்னவோ சொன்னார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரம் என்றதும் விளங்கிவிட்டது. என் முதுகுக்குத் தெரிந்த வேலை அது. உளியைப் பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டு, தாடையை இறக்கி வளைந்தேன். ரோகாயா என்ற மலாய் மிஸ்ஸி எனக்கு முன்னால் வந்து நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். துண்டோக் லாகி, சிக்கிட் லாகி, இன்னும் குனி, இன்னும் கொஞ்சம் என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் கட்டைவிரலால் என் முதுகெலும்பை மேலிருந்து தடவிக்கொண்டு வந்தவர், நடுவில் நின்றார். வலது தோளிலேயே காண்டா தூக்கினாயா என்று கேட்டார். இரண்டு பக்கமும் பால்வாளி தொங்குகிற அந்தக் கம்பைச் சின்ன வயதிலிருந்தே நான் ஒரே தோளில்தான் வைப்பேன். என் முதுகு லேசாக ஒரு பக்கம் கோணியிருக்கிறது என்பது என்னைப் பெற்றவளுக்கே தெரியாது, அவருடைய கட்டைவிரலுக்குத் தெரிந்தது. முதல் முறை ஊசி சரியாகப் போகவில்லை. பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கோணலுக்கு ஏற்ற மாதிரி மறுபடியும் வைத்தார். ரோகாயா தோளை விடவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். பிளாஸ்கைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்தார். அந்தப் பிளாஸ்கில் இருந்தது காப்பி இல்லை, கேன்டீனில் வாங்கின ஐஸ். முதலில் என் கையில் வைத்து, சில்லென்று இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பிறகு வயிற்றில் வைத்தார். ஏதோ தொடுகிறது என்று தெரிந்தது, சில்லிப்பைக் காணோம். என் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துவிட்டார். வயிறு கல் மாதிரி இறுகியது. அது கைக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அடுத்த வலி வந்தது, போனது, நான் அதைப் பக்கத்து வீட்டில் நடக்கிற சண்டை போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி சந்நிதியில்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை. மனுஷ மூளை இதைக் கண்டுபிடித்தது, மனுஷக் கை இதைச் செய்தது, அந்தக் கை என் மாதிரி ஒரு பால்மரக்காரி மகளுடைய கை. ப்ரெஷர் மெள்ள இறங்கியது. மிஸ்ஸிகள் அந்தச் சொல்லைச் சொல்வதை நிறுத்தினார்கள்.

மருந்து தீரத் தீரக் கொஞ்சம் கொஞ்சமாக அவர்தான் தன் கையால் ஏற்ற வேண்டும், அதனால் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம். டாக்டருக்குப் படிக்கிறாள் என்று அவர் அப்பா கோயிலில் பொங்கல் வைத்துக் கொண்டாடியிருக்கிறார். மயக்க மருந்து டாக்டர் ஆகிறேன் என்று இவர் சொன்னதும் அந்த மனுஷன் முகம் தொங்கிவிட்டதாம். பரீட்சையில் ஏதாவது குறைந்துவிட்டதா என்று கேட்டாராம், இவ்வளவு படித்தது ஆளைத் தூங்க வைக்கவா என்று லயத்தில் எல்லாரும் துக்கம் விசாரித்தார்களாம். அவர் சொல்லச் சொல்ல நான் சிரித்தேன். நீ பிறக்கிறதுக்கு முந்தின நிமிடம் வரைக்கும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், இதை நன்றாகப் படித்துக்கொள். சாயங்காலத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்ன நேரம் நீ பிறந்தாய். அந்த அறையில் அழுத ஒரே ஆள் நீதான்.

சில வருடம் கழித்துத் தோட்டத்தை விற்றார்கள், நாம் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தோம், எனக்கு அதே வார்டில் துப்புரவு வேலை கிடைத்தது. அம்மா ஆஸ்பத்திரியில் வேலை என்று பள்ளிக்கூடத்தில் நீ சொல்லிக்கொண்டது அந்த வேலைதான். முதல் நாள் டாக்டர் அஞ்சலை என்னைக் கடந்து போனார், அடையாளம் தெரியவில்லை. எத்தனை முகத்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்? நான் கட்டிலுக்கு அடியில் துடைக்கக் குனிந்தேன். போன காலடிச் சத்தம் நின்றது, திரும்பி வந்தது. “நீ மரத்துக்குப் போனவதானே?” என்றார். முகத்தை மறந்துவிட்டார், முதுகை மறக்கவில்லை.

அந்த வார்த்தை அதற்குள் வார்டு வார்த்தையாகியிருந்தது, தம்பி. தோட்டத்துப் பெண்கள் வந்தால் மலாய் மிஸ்ஸிகள்கூட, தெரிந்த ஒரே தமிழாக, மரத்துக்குப் போலாமா என்று கேட்டுக் குனிய வைப்பார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. ஊசிக்கு முன்னால் ஒவ்வொருத்தியிடமும் உன் வேலை என்ன, எதற்குக் குனிவாய் என்று கேட்பார். முளைப்பயறுத் தவுகே விற்கிற சீனப் பெண்ணா, கூடையில் தவுகே அலசுகிற மாதிரி குனி. வயல்காட்டு மலாய்ப் பெண்ணா, நாற்று நடுகிற மாதிரி குனி. ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடி ஊரிலிருந்து வருகிறவளா, தரையில் கொட்டின இறாலைப் பொறுக்குகிற மாதிரி. உலகத்தில் எந்தப் பெண்ணின் முதுகுக்கும் குனியக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, எதற்குக் குனிந்தாள் என்று கேட்டால் போதும் என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் கோபம் இருக்கும்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று உன்னிடம் புளுக மாட்டேன். அந்த இறால் ஊர்ப் பெண் ஒருத்திக்கு ஊசிக்குப் பிறகு தலைவலி, உட்கார முடியவில்லை, படுத்தால்தான் தேவலை. ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டாள். ஊசி போட்டால் மண்டை கெட்டுப்போகும் என்று பேச்சு கிளம்பியது. டாக்டர் தன் காரிலேயே ஹுத்தான் மெலிந்தாங் போனார், என்னால்தான் உனக்கு இந்த வலி என்று அந்த வீட்டு மாமியார் முன்னால் சொன்னார், அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து அழைத்து வந்தார். அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து அவள் முதுகில் செலுத்தினார். உள்ளே ஊசி விட்டுப்போன சின்ன ஓட்டையை அந்த ரத்தமே அடைத்துவிடுமாம். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பிரமை பிடித்த மாதிரி நின்றேன். அவர் கெட்டிக்காரர் என்பது தெரிந்த விஷயம். தப்பானதைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் போகிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

எதிர்த்தவர்கள் இல்லாமலா? வலி இல்லாமல் பெற்றால் பிள்ளைமேல் பாசம் வராது என்று ஒரு பெரிய மனிதர் சொன்னார். உன்மேல் எனக்குப் பாசம் குறைவா, நீயே சொல். கல்யாணமும் ஆகாமல் பிள்ளையும் பெறாமல் இவளுக்கு வலியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர்களும் உண்டு. தெரியாததால்தான் ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறேன் என்று பதில் சொல்வார். லீவு நாளிலும் வந்து மிஸ்ஸிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் கற்றுக்கொடுத்தவர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள்.

ஒரு தடவைதான் அவர் வார்டில் கத்திப் பார்த்தேன். யாரோ பொழுதுபோக ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து பாட்டு வைத்தார்கள். வந்த வேகத்தில் அதைப் பிடுங்கி அணைத்தார். பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். அவர் பிறந்த லயத்தில் யாருக்காவது வலி எடுத்தால், சத்தம் பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்று அக்கம்பக்கத்தில் ரேடியோவை உரக்க வைப்பார்களாம். அவர் தம்பி பிறக்கும்போதும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இவர் வெளியே பாட்டுக் கேட்டுக்கொண்டு விளையாடியிருக்கிறார்.

“பாட்ட நிப்பாட்டுனப்பதான் தெரிஞ்சது, அம்மா சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சுன்னு.”

தம்பியும் பிழைக்கவில்லை. இவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான், என்னைச் சிரிக்க வைக்க, அப்பா முகம் தொங்கின கதையைச் சொன்னார். அந்த வார்டில் பெண்கள் வலி நேரத்தில் மீன் விலை பேசுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். அவர் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பிரசவ வார்டில் பேச்சுச் சத்தம் கேட்க வேண்டும் என்பார். இப்போது சொல், சத்தம் போடாமல் பெற்றாள் என்று பெருமை பேசலாமா? சத்தம் இல்லை என்றால் உள்ளே என்ன ஆயிற்று என்று எழுந்து பார்க்க வேண்டும். அந்தச் சத்தமில்லாமையை யாரும் போய்ப் பார்க்காததால் அவர் அம்மா போனார். என் விஷயத்தில் அவரே கூட இருந்ததால் நான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசினது எனக்குத் தூக்கம் வரவிடவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிச் சித்தியவான் போனேன். ஓய்வு பெற்று அங்கேதான் இருக்கிறார். ஊன்றுகோல் வந்துவிட்டது, பேச்சு அப்படியே இருக்கிறது. பவித்ராவின் ப்ரெஷர், வீக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவளைப் பார்க்கிற டாக்டர் சொல்வதுதான் சரி, ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் முறையாகச் செய்வார்கள், பயப்பட ஒன்றுமில்லை, தள்ளிப்போடாமல் இப்போதே சம்மதம் சொல்லச் சொல் என்றார். நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்தவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மருந்த அவங்க பாத்துக்குவாங்க. முன்னால யாரு நிக்கப் போறா? அவ எதுக்குக் குனிவா?”

மகன் நிற்பான் என்று சொன்னேன். அதை மட்டும் நான் உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்வியை மகனையே கேட்கிறேன் என்றேன். சரி என்றார், அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

அதனால் தம்பி, இதை மடித்து வைத்துவிட்டு நேராகப் பவித்ராவிடம் போ. எங்கம்மாவும் ஊசி போட்டுக்கொண்டுதான் என்னைப் பெற்றார்கள், எனக்குத் தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல். அதைச் சொல்லும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். நாளைக்கே கிளினிக்கில் சம்மதம் சொல்லிவிட்டு வாருங்கள். உன் அப்பா காலத்தில் ஆம்பிளைகளை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். இப்போது கேட்டால் பல இடங்களில் உள்ளே விடுகிறார்கள். நீ கேள். அன்றைக்கு அவளுக்கு முன்னால் நின்று, ரோகாயா என்னைப் பிடித்தது போல இரண்டு தோளையும் பிடித்துக்கொள். முதல் ஊசி சரியாகப் போகாவிட்டாலும் விடாதே.

அவளிடம் மரத்துக்குப் போலாமா என்று கேட்காதே, அவள் ரப்பர் மரத்தைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. அவள் முதுகு எதற்குக் குனியும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நம் வாசல் படியில் பார்த்தேன், நீ அப்போது கேட்டுக்கு வெளியே இருந்தாய். மேலே ஒரு வரியில் எழுதியும்விட்டேன், எது என்று சுட்டிக்காட்ட மாட்டேன். நிலாவைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமும் வா. கிளம்பும்போது போனைப் பையில் போட்டுவிட்டு, உன் பெண்டாட்டியைப் பார்.

பார்த்துத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு அந்த வார்த்தையை நீதான் அவள் காதில் சொல்ல வேண்டும்.

அம்மா